கல்தொட்டியில் மஞ்சள்

அந்த மண்டபத்தில் கழற்றிக்கொண்டு போக முடியாத பொருள்கள் ஐந்து இருந்தன. ஒன்பது வயதில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவற்றை நான் வரிசையாக ஒப்புவிப்பேன். வாசலருகே சுவரில் பதித்த தீர்த்தக் கிண்ணம். பல நூறு ஆண்டுகளாக விரல்கள் தொட்டுத் தொட்டு அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பீடம் இருந்த மூலையில், அடியில் ஓட்டை உள்ள சிறிய தொட்டிமாடம். குருவானவர் கை கழுவிய நீர் அந்த ஓட்டை வழியாக நேரே மண்ணுக்குள் போகுமாம். அதற்குப் பக்கத்தில் சுவரையே குடைந்து செய்த மூன்று இருக்கைகள். எதிர்ச்சுவரில் இரும்புக் கதவு போட்ட கல் அலுமாரி. கடைசியாக, நட்ட நடுவில், எட்டுப் பட்டை வைத்து, என் நெஞ்சு உயரத்துக்கு ஞானஸ்நானத் தொட்டி.

மற்றவை எல்லாம் போய்விட்டன. தேவாலயத்துக்கு வரும் குடும்பங்களின் பங்கில் ஆட்கள் குறைந்து மூன்று பங்குகளை ஒன்றாக்கியபோது இந்தச் சிறிய தேவாலயம் மிஞ்சிப்போனது. மணி ஓர் ஊருக்கும் இருந்து செபிக்கும் மர வாங்குகள் இன்னோர் ஊருக்கும் போயின. ஜெர்மனியில் கொலோனுக்கு வெளியே இருந்த எங்கள் சிறு நகரத்தின் நகரசபை கட்டடத்தைப் பொறுப்பெடுத்து, மரத்தளம் போட்டு, ஒரு மூலையில் குசினியும் கட்டிப் பொது மண்டபம் ஆக்கியது. திங்கள் யோகாசன வகுப்பு, புதன் முதியோர் கோப்பி, வார இறுதியில் கலியாணங்கள். கல்லில் செய்தவற்றை மட்டும் யாராலும் அசைக்க முடியவில்லை. அவை சுவரோடும் நிலத்தோடும் பிறந்தவை. போதாததற்குப் பழம்பொருள் சட்டத்தின் காவலும் அவற்றுக்கு இருந்தது.

அப்பா அங்கே ஹவுஸ்மைஸ்டர். சாவி, வெளிச்சம், கதிரை, கழிவறை, புல்லு வெட்டுதல் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன்னர் பொதிக் கிடங்கில் முறை மாறி முறை மாறி வேலை செய்தவர். நாங்கள் சாப்பிடும்போது நித்திரை கொள்வார், நாங்கள் நித்திரை கொள்ளும்போது சாப்பிடுவார். மண்டப வேலை கிடைத்த பிறகுதான் அப்பா சோற்றைக் குழைக்கும் விதம் எப்படி என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வேலை இன்னும் முழுசாக எங்களுடையது ஆகவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது ஐந்து மாதமும் சில நாள்களும் ஆகியிருந்தன.

வேலையோடு அப்பாவுக்கு ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தை எடுப்பவர்கள் செய்யக் கூடாதவை, மொத்தம் பதினொன்று. அதை நான்தான் அப்பாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். நான் வாசித்த முதல் அரசாங்கத் தாள் அது. ஒரே நாளில் பாடமாக்கினேன். குசினிக் கதவில் அதை ஒட்டிய பிறகு, மண்டபத்தின் சட்டம் நான்தான் என்ற நினைப்பும் எனக்கு வந்துவிட்டது.

அந்த மே மாதத்தில் மாமாவின் மகளுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, பெரிய பிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீடு செய்தார்கள். மாமா அம்மாவின் தம்பி. எந்தக் காரியத்தையும் மற்றவர்களைவிட ஒரு சாண் கூடச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மச்சாள் இருப்பதற்கு அன்னப்பறவை வடிவில் ஓர் ஆசனம் பிராங்பேட்டிலிருந்து வந்தது. வீடியோக்காரர் இரண்டு பேர். மண்டபத்துக்குள் வந்த மாமா சுற்றிப் பார்த்தார்; பார்வை தொட்டியில் நின்றது.

"உதென்ன மருமகள், இவ்வளவு வடிவான கல்லுத்தொட்டி, மூடி போட்டுச் சும்மா கிடக்குது?"

"அது தொடக் கூடாது மாமா. ஏழாம் இலக்கம்."

"ஏழாம் இலக்கம் என்ன சொல்லுது? அப்பிடியே சொல்லு பாப்பம்."

நான் அப்படியே சொன்னேன். கல்பொருள்களின் மேல் உணவு, பானம், மெழுகுவர்த்தி, பூச்சாடி வைக்கக் கூடாது. ஒட்டுநாடா ஒட்டக் கூடாது.

மாமா விரலை மடித்தார். "சாப்பாடு வைக்கேல்லை. பானம் எண்டால் குடிக்கிறது. இதை ஆரும் குடிக்கப் போறேல்லை. பூச்சாடி இல்லை, பூ மட்டும். தண்ணி விடக் கூடாதெண்டு கிடக்கோ?"

நான் பதினொன்றையும் மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். "தண்ணி எண்டு ஒண்டும் இல்லை" என்றேன். உண்மை அதுதான்.

"பிறகென்ன! தண்ணித் தொட்டிக்குத் தண்ணிதானே விட வேணும்."

அப்பா அப்போது வெளியே கார்களை ஒழுங்காக விடச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவும் ஒரு வீடியோக்காரரும் மரமூடியைத் தூக்கி இறக்கினார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் போயிற்று. செவ்வந்திப் பூக்கள் மிதந்தன. வெறும் தண்ணீர் மங்களம் இல்லை என்று மாமி இரண்டு கரண்டி மஞ்சளை அதில் போட்டுக் கலக்கினார். வாசலால் வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். அதற்கு முன்னால் நின்று படம் பிடிக்க வரிசை நின்றது. உள்ளே வந்த அப்பா அந்த வரிசையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஆனால் இருநூறு விருந்தினருக்கு முன்னால் மச்சானின் மஞ்சள் தண்ணீரை இறைத்து ஊற்ற அவரால் ஏலாது. பின்னேரம்தான் இறைத்தார். செம்பால் அள்ளி, கடைசியில் துணியால் ஒற்றி எடுத்தார்.

தண்ணீர் போயிற்று, மஞ்சள் போகவில்லை. வெளிறிய, மென்மையான மணற்கல் அது. எட்டு மணி நேரம் குடித்திருந்தது. தொட்டியின் உட்பக்கம் முழுக்க, கோடு கீறினாற்போல் ஒரே மட்டத்துக்கு, புதுப் பெண்ணின் கன்னம் மாதிரி மஞ்சள்.

மறுநாள் காலை மாமா உடுப்புத் தோய்க்கும் தூளோடும் ஒரு தும்புத் தூரிகையோடும் வந்தார். கல்லில் தேய்க்கக் கூடாது என்று அப்பா தூரிகையைப் பறித்துவிட்டார். தூளை மட்டும் கரைத்து, கடற்பஞ்சால் மெதுவாக ஒற்றிப் பார்க்க விட்டார். ஒற்றிய இடமெல்லாம் எங்கள் கண்முன்னே சிவந்தது.

"ஐயோ, ஆலாத்தி!" என்றார் அம்மா.

சரியாகச் சொன்னார். ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பைக் கரைத்தால் தண்ணீர் சிவப்பது எந்த இரசாயனத்தாலோ, அதேதான் இங்கேயும் நடந்தது. சுண்ணாம்பிலும் உடுப்புத் தூளிலும் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இன்று கல்லும் சுண்ணச்சாந்தும் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எனக்கு அது ஒரு வரி. அன்று எனக்குக் கல்லிலிருந்து இரத்தம் வருவதாகவே தோன்றியது.

"அத்தான், கண்ணூறு எல்லாம் கழிஞ்சுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ" என்று மாமா சிரிக்கப் பார்த்தார்.

"கழிஞ்சது கண்ணூறு இல்லை, என்ரை வேலை" என்றார் அப்பா.

மாமா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

சரியாக மூன்று வாரத்தில், கல்பொருள்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவதாக டெர்மின், அதாவது முன்பே குறித்த நாள், இருந்தது. அவர் எழுதும் அறிக்கை நகரசபைக்குப் போகும். அப்பாவின் ஆறு மாதம் முடிவதும் அதே கிழமை.

அம்மா தேசிக்காய் பிழிந்து பார்க்கலாம் என்றார். நான் உடனே ஒன்பதாம் இலக்கத்தைச் சொன்னேன்: கல்லில் புளிப்பான எதுவும் படக் கூடாது. இந்த முறை பட்டியல் எங்களைக் காப்பாற்றியது. அந்தக் கல்லில் சுண்ணாம்பு கலந்திருந்தது. தேசிப்புளி அதைத் தின்றிருக்கும். வெறும் தண்ணீரால் மூன்று தரம் ஒற்றியதில் சிவப்பு இறங்கித் திரும்ப மஞ்சளாயிற்று. அதிலிருந்து இறங்க மாட்டேன் என்று நின்றது.

நான் அழுதேன். தண்ணீர் பற்றி ஒன்றும் இல்லை என்று மாமாவுக்குச் சொன்னது நான்தான் என்று அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். அப்பா ஏசவில்லை. ஒரு பேனையைத் தந்து, குசினிக் கதவில் இருந்த தாளில் பன்னிரண்டாவதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அச்சடித்த பதினொன்றுக்குக் கீழே, என் பள்ளிக்கூட எழுத்தில், ஜெர்மன் மொழியில் எழுதினேன்: "தொட்டிக்குள் தண்ணீர் விடக் கூடாது. மஞ்சள் போடவே கூடாது." சொற்களை நானே தெரிவு செய்தேன்.

"டெர்மின் அண்டைக்கு நானே சொல்லப் போறன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "ஒளிச்சு வைக்க என்னால ஏலாது."

"சொல்லுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? அதுக்கு முதல் வெயிலைக் கொஞ்சம் வேலை செய்ய விடுங்கோ."

"வெயிலோ?"

"உங்கட வெள்ளைச் சேட்டிலை கறி ஊத்தினால் நான் என்ன செய்யிறனான்? தோய்ச்சு, வெயிலிலை விரிப்பன். மஞ்சளுக்கு வெயில் ஆகாது."

"அப்ப தொட்டியைத் தூக்கிப் பல்கனிக் கொடியிலை போடப் போறீரோ?"

அம்மா மேலே பார்த்தார். தென்மேற்குப் பக்கம் ஓர் உயரமான யன்னல் இருந்தது. வண்ணக்கண்ணாடி எப்போதோ உடைந்து, சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பின்னேரம் மூன்றரைக்கு அதன் வழியாக ஒரு பட்டை வெயில் இறங்கி, தொட்டிக்கு இரண்டு அடி தள்ளி மரத்தளத்தில் விழும். இத்தனை நாளும் அது வீணாக அங்கேயே விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த நாளே கண்ணாடிகள் வந்தன. மாமியின் அலங்கார மேசையின் நிலைக்கண்ணாடி. எங்கள் குளியலறைக் கண்ணாடி. எங்கள் வீட்டு அலுமாரியின் கண்ணாடிக் கதவு, பிணைச்சலோடு. மாமா காரின் முன்கண்ணாடிக்குப் போடும் வெள்ளித்தாள் மறைப்பு. மண்டபம் யாருக்கும் கொடுபடாத பின்னேரங்களில் அம்மா, மாமா, மாமி, மச்சாள் நால்வரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வெயிலைத் திருப்பித் தொட்டிக்குள் விழுத்தினார்கள். ஒரு கிழமைக்கு முன்னர் அன்னத்தில் இருந்த மச்சாள், இப்போது குருமாரின் மூன்று இருக்கைகளுக்கு முன்னால் நின்று, அலுமாரிக் கதவை நெஞ்சோடு அணைத்தபடி, கை நோகுது, கை நோகுது என்றாள்.

"நோகட்டும். உன்ரை சாமத்தியவீடுதானே" என்பார் மாமா. தன் வெள்ளித்தாளை அவர் ஒரு நாளும் இறக்கியதில்லை.

அப்பா இதில் சேரவில்லை. தடுக்கவும் இல்லை. புல்லு வெட்டிக்கொண்டே இடைக்கிடை வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

எனக்குக் கணக்குப்பிள்ளை வேலை. ஒரு கொப்பியில் கட்டம் கீறினேன். திகதி, வெயில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, முகில் இருந்ததா, எத்தனை கண்ணாடி, நிறம். நிறத்துக்கு என் வர்ணப் பெட்டியிலிருந்து ஒன்று முதல் பத்து வரை மஞ்சள் பூசிய மட்டை ஒன்று வைத்திருந்தேன். முதல் நாள் ஒன்பது. நான்காம் நாள் எட்டு. பிறகு மூன்று நாள் மழை. பிறகு ஏழு. ஆறு. மஞ்சளின் நிறம் ஒளியில் சிதைவது எனக்கு அன்று தெரியாது; அம்மாவுக்குக் கொடியில் காய்ந்த சேட்டால் தெரிந்திருந்தது.

ஆனால் ஆறுதானா, ஐந்தா? இந்தச் சந்தேகம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்த மாதம்தான் விதை முளைக்க வைத்துப் பார்த்தோம். ஒரு தட்டை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் தெரியும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். முதல் நாளே நான் அதைச் செய்திருந்தேன். ஒரு கறுப்பு மட்டையைச் சரியான சதுரமாக வெட்டி, தொட்டியின் அடியில் வைத்து, அசையாமல் இருக்க மேலே ஒரு சிறு கல்லும் வைத்திருந்தேன். ஒட்டுநாடா ஒட்டவில்லை, ஏழாம் இலக்கம் எனக்கு நினைவிருந்தது. எல்லாரும் அதை ஏதோ தேவையான சாமான் என்று நினைத்து விட்டிருந்தார்கள்.

டெர்மினுக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். கல் ஏறக்குறையத் தன் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. என் வர்ண மட்டையில் இரண்டு. அவருடைய தோள் இறங்கியதை நான் கண்டேன். பிறகு கறுப்பு மட்டையைத் தூக்கினார்.

உள்ளே, அளந்து வரைந்தது போல, பளிச்சென்று ஒரு மஞ்சள் சதுரம்.

"இதென்ன பிள்ளை?"

"ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு அப்பா. வெயில் படாட்டி இப்பிடித்தான் இருக்கும்."

மாமா வெள்ளித்தாளோடு வந்து எட்டிப் பார்த்தார். "அத்தான், நான் தண்ணிதான் விட்டனான். உங்கட மகள் முத்திரையெல்லோ குத்தி விட்டிருக்கிறாள்."

அப்பா தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தார். அழுகிறார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் தடவை; அடக்க முடியாமல், மண்டபக் கூரையில் போய் முட்டும்படி சிரித்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். அன்று அப்பாவும் ஒரு கண்ணாடியை எடுத்தார். எல்லா வெயிலையும் அந்தச் சதுரத்தில் குவித்தோம். ஆனால் இரண்டு நாள்தான் வெயில் இருந்தது. டெர்மின் அன்று சதுரம் என் மட்டையில் நான்கு. எட்டிப் பார்த்தால் தெரியும். எட்டிப் பார்க்காமல் அதிகாரி போக மாட்டார்.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் பட்டியல். பட்டியலைக் கண்டதுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. முதலில் குசினிக் கதவின் முன் நின்று தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பன்னிரண்டாவதில் கொஞ்சம் கூட நேரம் நின்றார். அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். நல்ல தெளிவான எழுத்து என்றார்.

தீர்த்தக் கிண்ணம், தொட்டிமாடம், மூன்று இருக்கைகள், கல் அலுமாரி. ஒவ்வொன்றையும் தொட்டு, பார்த்து, குறித்துக்கொண்டே வந்தார். தொட்டிக்கு வந்ததும் அப்பா தொண்டையைச் செருமினார். வீட்டில் பல தரம் சொல்லிப் பார்த்திருந்த ஜெர்மன் வசனத்தைத் தொடங்கினார்.

"அம்மணி, நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தொட்டியில்..."

"ஏணி இருக்கிறதா?" என்று கேட்டார் அவர்.

அப்பா திகைத்துப் போய் ஏணி எடுக்கப் போனார். அந்த நேரத்தில் பெண்மணி மூடியை அரைவாசி தள்ளி உள்ளே பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்துக் கல்லை நீண்ட நேரம் பார்த்தார். விரல் நுனியால் தடவினார். கல் உதிரவில்லை, தேயவில்லை. பிறகு சதுரத்துக்கு வந்தார்.

"இது?"

"ஒப்பிடுவதற்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த கொப்பியைக் கேட்டார். நான் பெருமையோடு கொடுத்தேன். திகதி, மணி, முகில், கண்ணாடிகள் என்று ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தும்மல் வருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

"மிக ஒழுங்காக இருக்கிறது" என்றார். "இதைக் கவனமாக வீட்டில் வைத்துக்கொள். இங்கே எங்கேயும் விட்டுவிட்டுப் போகாதே."

அப்பா ஏணியோடு வந்தார். சாத்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி, "அம்மணி, அந்தத் தொட்டியில் மூன்று வாரத்துக்கு முன்னர்..." என்றார்.

"கூரைப் பீலியில் சருகு அடைத்திருக்கிறதா?"

"இல்லை. நான் சுத்தம் செய்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது..."

"நல்லது. அந்தத் தென்மேற்கு யன்னலை இன்னும் ஒரு மாதத்துக்கு மறைக்காமல் வையுங்கள். மூடியையும் போட வேண்டாம். கல்லுக்குக் காற்று பட வேண்டும்."

அப்பா மூன்றாவது தரம் வாயைத் திறந்தார். பெண்மணி கையை நீட்டினார். அப்பா அதைப் பிடித்துக் குலுக்க வேண்டியதாயிற்று. குலுக்கிக்கொண்டே ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது. "ஐந்தும் இருக்கின்றன. ஐந்தும் நல்ல கையில் இருக்கின்றன. அப்படித்தான் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். கதவு சாத்திய பிறகும் அப்பா கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றார். பிறகு போய் மூன்று இருக்கைகளில் நடுவில் இருந்ததில் இருந்தார். அதில் யாரும் இருக்கக் கூடாது, ஆறாம் இலக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. அப்பா இன்றைக்கும் அங்கேதான் ஹவுஸ்மைஸ்டர்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்குச் சரியான கோபம். அம்மா உழுந்துவடை சுட்டுக்கொண்டிருந்தார். மாமாவும் வந்திருந்தார். அந்த மனுசிக்கு மரியாதையே தெரியாது என்று நான் எல்லாருக்கும் முறையிட்டேன். அப்பா கதைக்கத் தொடங்கும்போதெல்லாம் குறுக்கே கதைத்தார், ஒரு வசனத்தைக்கூட முடிக்க விடவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும், என் கொப்பியை வாசித்தும், மஞ்சள் என்று ஒன்றும் கேட்கத் தெரியவில்லை. இப்படி வேலை செய்தால் எப்படி?

அம்மா முன்றானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா வடையைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் என்னையே பார்த்தார். மாமா, "விடு மருமகள், எல்லாருக்கும் உன்னை மாதிரி மூளை இருக்குமே" என்றார். ஒருவரும் என் பக்கம் கதைக்கவில்லை.

நான் போய் மேசையில் இருந்து கொப்பியை விரித்தேன். கடைசிக் கட்டத்தில் அன்றைய திகதி. நிறம்: நான்கு. அதற்குக் கீழே, யாராவது பிறகு விசாரிக்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று, அந்த அதிகாரியின் பிழைகளில் எனக்குக் கொஞ்சமும் விளங்காத ஒன்றை எழுதி வைத்தேன்:

ஏணி கேட்டார். ஏறவில்லை.